ஐந்து நிமிட மருந்து

எங்கள் அவசரப் பிரிவில் தேநீரைச் சூடாகக் குடித்தவர் யாருமில்லை. அன்றும் என் கோப்பையில் ஆடை படிந்து கிடந்தபோதுதான் குச்சவெளியிலிருந்து ஜெஸீமா தன் ஆறு வயது மகன் அப்ராஸைத் தூக்கிக்கொண்டு வந்தார். நெஞ்சுச் சளி முற்றி, மூச்சு எடுத்தே பிள்ளை களைத்துப்போயிருந்தான். தொண்டையில் குழாய் இறக்காமல் முடியாது.

அதற்கு முன் பிள்ளையை மயக்கி, தசைகளைத் தளர்த்த வேண்டும். தளர்த்துவதற்கு எங்களிடம் இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்றின் வேலை ஐந்து நிமிடத்தில் தீரும். மற்றது முக்கால் மணி நேரம் நிற்கும். தசை நோயுள்ள பிள்ளைக்கு ஐந்து நிமிட மருந்தைக் கொடுத்தால் இதயம் நின்றுவிடலாம். இதை நானே மாணவர்களுக்குப் படிப்பித்திருக்கிறேன்.

"நிலத்துல இருந்து எழும்பக்குள்ள முழங்கால்ல கைய ஊண்டித்தான் எழும்புவான் டொக்டர்," என்றார் ஜெஸீமா. "கெண்டக்கால் மட்டும் நல்ல மொத்தம். பந்தடிகாரன்ட கால் எண்டு வாப்பா பகிடி பண்ணுவார்."

தாதி பிரசாந்தினி என்னைப் பார்த்தார். "தாய் சொன்னது தசை நோய் மாதிரியெல்லோ டொக்டர்? மற்றதை எடுக்கட்டோ?"

"வேண்டாம். ஐந்து நிமிடத்தானையே எடுங்கோ."

காரணம் சொல்கிறேன். முந்திய மாதம் ஒரு பிள்ளைக்கு என்னால் குழாய் இறக்க முடியவில்லை. பெரிய டொக்டர் வந்து ஒரே தரத்தில் இறக்கிவிட்டு, "தம்பி, இனிக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மறுபடியும் தவறினால், மருந்து தீர்ந்து பிள்ளை தானாக மூச்சு விடும்வரை, எல்லோரும் பார்த்திருக்க முக்கால் மணி நேரம் காற்றுப் பையை அமுக்கிக்கொண்டு நிற்க வேண்டும். ஐந்து நிமிடம் என்றால் தாங்கலாம் என்று நினைத்தேன்.

குழாய் முதல் தரத்திலேயே இறங்கியது. அப்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதையும் மறைக்கவில்லை. இதயம் அதற்குப் பிறகுதான் நின்றது. நாற்பது நிமிடம் நெஞ்சை அழுத்தியும் அது திரும்பத் துடிக்கவில்லை.

'முன்நோய் எதையும் தாய் கூறவில்லை' என்று குறிப்பில் எழுதினேன். ஜெஸீமா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் சுணங்கிட்டன் டொக்டர், முந்தியே கொண்டு வந்திருக்கணும்" என்று அழுதார். அது அவருடைய பிழை இல்லை என்று நான் சொல்லவில்லை. பிரசாந்தினி வேறு நோயாளர் விடுதிக்கு மாற்றம் கேட்டுப் போய்விட்டார்.

போன மாதம் ஜெஸீமா இளைய மகனோடு வந்தார். மூன்று வயது. "இவனும் இப்ப படி ஏறக்குள்ள விழுறான். ரெத்தம் பாக்கணுமா டொக்டர்?"

ஒரு பரிசோதனை போதும், இவனுடைய நோய் தெரிந்துவிடும். மூத்தவன் எப்படி இறந்தான் என்பதும் தெரிந்துவிடும்.

தேவையில்லை என்றேன். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த தாயை வீணாகப் பயமுறுத்த எனக்கு மனம் வரவில்லை.