ரெண்டு சுழி

ஒரு நல்ல லேடீஸ் டைலர், வாடிக்கையாளர் பருத்துவிட்டார் என்று ஒருநாளும் சொல்லமாட்டான், மேடம். துணி சுருங்கிவிட்டது என்பான். கச்சிராயபாளையம் சாலையில் என் கடை ஓடுவதே அந்த ஒரு வார்த்தையால்தான். இந்த அறிவுச்செல்வன் யாரையும் புண்படுத்தினான் என்று கள்ளக்குறிச்சியில் ஒருவரும் சொன்னதில்லை. என் மனைவி தனுஷா இப்போது சொல்கிறாள், ஸ்டேஷனில் புகாரே கொடுத்திருக்கிறாள் என்கிறீர்கள். சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் வந்த வியாதி என்னால் அல்ல, அதை எழுதிக்கொள்ளுங்கள். ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்து தணிந்தது. மறுநாள் காலை அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள்.

"இன்னாங்க, இங்க வாங்களேன். சோத்துக் குண்டான் கொட்டாங்கச்சி மாதிரி தெரியுது. என் கை மட்டும் மொறம் கணக்கா இருக்குது."

"என் மூஞ்சி?"

"புளியங்கொட்டை. ஆனா திருதிருன்னு முழிக்கிறது நல்லா தெரியுது."

இருவரும் சிரித்தோம். காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி வரும், ஏன் என்று தெரியாது, தானாகப் போய்விடும் என்றார் டாக்டர். போயும்விட்டது. "எல்லாம் அதது அளவுல இருக்குதுங்க" என்று குழந்தை மாதிரி வீட்டைச் சுற்றி வந்தாள்.

அந்தச் சமயம் பார்த்து அவளுக்கு வெள்ளிமலையில் தமிழாசிரியை வேலைக்கு ஆர்டர் வந்தது. எத்தனையோ பரீட்சை எழுதி வாங்கிய வேலை. மலையிலேயே அறை எடுத்துத் தங்குவது, சனி ஞாயிறு ஸ்கூட்டியில் கீழே வருவது என்று அவளே முடிவு செய்தாள். "அதுக்குள்ள ஒரு ரசமாவது வைக்கக் கத்துக்குங்க" என்று என் கன்னத்தில் தட்டினாள்.

நான் மறுத்தேனா? இல்லை. அவளுடைய ரவிக்கைகளில் பக்கத் தையலைக் கால் அங்குலம் உள்ளே பிடித்தேன். அவ்வளவுதான்.

பிறகு அவள் செருப்பை ஒரு சைஸ் பெரிதாக, அதே நிறத்தில் மாற்றினேன். தலையணையைப் பிரித்துச் சிறிதாகத் தைத்தேன். தையல் சுத்தமாக இருக்கும், நீங்கள் பார்க்கலாம். அடுத்தது அவளுடைய சீர்ப் பாத்திரங்கள். அதே வடிவில் ஒரு சுற்று சின்ன டம்ளர்களை வாங்கி, மேலே அவள் பெயரையும் வெட்டி வாங்கி வைத்தேன்.

"டம்ளர் சின்னதா தெரியுதுங்க. மறுபடியும் வந்துடுச்சா?"

"எனக்கு எப்பவும் போலத்தான் தெரியுது, தனு."

இதில் பொய் எங்கே இருக்கிறது? எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

ஸ்கூட்டி விஷயத்தில்கூட நான் தடுக்கவில்லை. "மலை வளைவுல லாரி தூரத்துல இருக்கிற மாதிரி உனக்குத் தெரியும். அது கிட்ட வந்துக்கினு இருந்தா இன்னா பண்ணுவ?" என்று ஒரு கேள்விதான் கேட்டேன். சாவியை அவளே என் கையில் வைத்தாள்.

அந்த நாட்கள் இனிமையானவை, மேடம். கல்யாணமான புதிதில்கூடத் தெருவில் என் கையைப் பிடிக்காதவள், குளியலறை வரைக்கும் பிடித்துக்கொண்டு வந்தாள். வெந்நீர் விளாவிக் கொடுத்தேன். சோறு பிசைந்து கொடுத்தேன். ரசம்கூட வைத்தேன். எதைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது, கண்ணை மூடினால்தான் நிம்மதி என்று அழுதாள். உடனே ஒரு கண்கட்டு தைத்தேன். உள்ளே மெல்லிய மல் துணி, காதோரம் உறுத்தாத நாடா. வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கவும் ஒத்துக்கொண்டாள்.

கெடுத்தது, பாத்திரக்கடையில் புது டம்ளர்களுக்குப் பெயர் வெட்டிய கந்தசாமி அண்ணன். கல்யாணத்தின்போது சின்னசேலத்துக் கடையில் அவள் பெயரை 'தணுஷா' என்று மூணு சுழி போட்டு வெட்டிவிட்டார்கள். தமிழ் படித்தவளுக்கு அது ஆறாத குறை. பழைய டம்ளரைக் காட்டி, அப்படியே வெட்டுங்கள் என்றுதான் சொல்லியிருந்தேன். அவர் நல்ல மனுஷர். "அதுல எழுத்து தப்பா இருந்துச்சி தம்பி, நானே ரெண்டு சுழியாக்கிட்டேன்" என்று பிற்பாடு பெருமையாகச் சொன்னார்.

கண்ணைக் கட்டிக்கொண்டு தண்ணீர் குடித்தவளின் கட்டைவிரல் அந்த எழுத்தில் நின்றது. மறுபடி மறுபடி தடவினாள். நான் கடைக்குப் போனேன். பின்னாலேயே வந்தவள், கடையைக் கிளறி வெட்டுத்துணி மூட்டையைக் கவிழ்த்தாள். பழைய டம்ளர்கள், செருப்பு, எல்லாம் உருண்டன. சீர்ப் பாத்திரத்தைத் தூக்கிப் போட யாருக்கு மனம் வரும்? அந்த மூட்டைதான் உங்கள் மேஜையில் இருக்கிறது.

ஆமாம், எல்லாம் நான்தான் செய்தேன். அவள் கண் சரியான பிறகுதான் செய்தேன். கையெழுத்துப் போடுகிறேன்.

நாளைக்கு அவள் வேலையில் சேரப்போவதாகச் சொன்னீர்கள். அதை மட்டும் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்லுங்கள், மேடம். அந்த வியாதி அவளுக்கு இன்னும் போகவில்லை. நான் ஐந்தடி பத்தங்குலம். பட்டப்பகலில், கடை வாசலில், கண்கட்டு இல்லாமல் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். பார்த்துவிட்டு, "இவ்ளோதானா நீ?" என்றாள்.