நான் பூட்டிவைத்த மூன்று வரிகள்

மருந்து மொத்த வணிகர் சங்கத்தின் மாண்பைத் தம் மெலிந்த தோளில் சலிக்காமல் சுமக்கும் தலைவர் அவர்களே, நான் சைக்கிளில் மாத்திரை அட்டை கட்டிக்கொண்டு அலைந்த நாளில் "வாங்க முதலாளி" என்று கேலி பேசி, அந்தக் கேலியை மெய்யாக்கிவிட்ட மூத்தவர்களே, எந்த அலமாரியில் எது தீர்ந்தது என்று எங்களுக்கு முன்பே அறிந்த தாய்மார்களே, முதல் வரிசையிலிருந்து என்னை முறைக்கும் எதிர்க்கடை அண்ணனே, அனைவரையும் வணங்குகிறேன்.

நம் கடைகளில் ஓடுகிறதே கையிருப்பு மென்பொருள், அதை எழுதியவர் யார்? தெரியாது. எழுதிய வரிகளை எவரும் பார்க்கலாம், எவரும் எடுக்கலாம், எவரும் திருத்தலாம் என்று திறந்தே வைத்துவிட்டார்கள். இலவசம் என்றதும் வாங்கிக்கொண்டோம். திருப்பி என்ன கொடுத்தோம்?

நான் கொடுத்ததைச் சொல்கிறேன்.

பெட்டியில் ஆறாம் மாதம் என்று காலாவதி அச்சிட்டிருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள்வரை மருந்து நல்லது. இது இந்த அவையில் எல்லோருக்கும் தெரியும். மென்பொருளுக்குத் தெரியவில்லை. முதல் தேதியே காலாவதி என்று எடுத்துக்கொண்டு, நல்ல சரக்கைத் திரையிலிருந்தே மறைத்தது. என் மருமகள் அதைக் கண்டுபிடித்து மூன்றே வரியில் திருத்தினாள்.

"மாமா, இதை எழுதினவங்களுக்கே அனுப்பிடலாம்" என்றாள்.

"எதுக்கும்மா? எதிர்க்கடைக்கும் சேர்த்து நான் சரி பண்ணிக் குடுக்கணுமா?" என்றேன்.

சிரிக்காதீர்கள் அண்ணே, நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

என் கணினியில் மட்டும் அந்தத் திருத்தத்தைப் பூட்டிவைத்தேன். பிறகு புதிய பதிப்பு வந்தது. பழையதன்மேல் அது ஏறி உட்கார்ந்தது. எங்கள் மூன்று வரியும் போன இடம் தெரியவில்லை. நான் கவனிக்கவில்லை.

ஆறாம் மாதம் பதினான்காம் தேதி, உச்சி வெயிலில் ஒரு கொத்தனார் வந்தார். கையெல்லாம் சிமெண்ட். அவருடைய அக்காவுக்குக் காயம் பட்டால் இரத்தம் நிற்காத நோய். மறுநாள் அறுவை சிகிச்சை. இரத்தத்தை உறையவைக்கும் ஊசிமருந்து வந்தால்தான் கத்தி வைப்பேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரையைப் பார்த்தேன். பூஜ்யம்.

"இல்லப்பா, வேற எங்கயாவது பாரு."

அவர் போனார். வேறொன்று எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தேன். அதே ஊசிமருந்து, இரண்டு பெட்டி. பெட்டியில் ஆறாம் மாதம் என்றிருந்தது; இன்னும் பதினாறு நாள் நல்லது.

கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு, பனிக்கட்டிப் பையோடு ஓடினேன். பேருந்தின் படியில் கால் வைத்தவரைப் பிடித்தேன். அவர் பையை வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"இல்லேன்னு சொன்னீங்களே?"

"திரை பொய் சொல்லிடுச்சுப்பா" என்று அவரைப் பேருந்தில் ஏற்றிவிட்டேன்.

திரும்பி வந்ததும், "அனுப்பும்மா" என்றேன். மருமகள் மென்பொருளின் மூல வரிகளை நகலெடுத்து ஒரு கிளை பிரித்தாள்.

"கிளையா? நான் ரெண்டு தெருவுல வெச்சிருக்கேனே."

"இதுக்கு வாடகை கிடையாது மாமா. இங்க எதை உடைச்சாலும் தலைமைக்கடை அப்படியே இருக்கும்."

என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று எழுதி, சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டு அனுப்பினோம். மறுநாளே திரும்பி வந்தது. எனக்குச் சுருக்கென்றது.

"நம்ம சரக்கையே திருப்புறாங்களா?"

"திருப்பல மாமா. லாரியில பெட்டி இறங்கும்போது நீங்க ஒவ்வொண்ணா தட்டிப் பார்ப்பீங்கல்ல? அதுதான் இது."

கடல் கடந்த யாரோ ஒருவர் பொறுமையாக எழுதியிருந்தார்: சில நாடுகளில் நாளையும் சேர்த்து அச்சிடுவார்கள், உங்கள் வரி அந்த நாளைத் தள்ளிவிட்டு, கெட்ட மருந்தையும் மாதக் கடைசிவரை நல்லதென்று சொல்லிவிடும்.

ஓர் உயிரைக் காக்க அனுப்பிய வரி, எங்கோ ஓர் உயிரை எடுத்திருக்கும். தடுத்தவர் என் முகம் அறியாதவர். கூலி கேட்காதவர். திருத்தினோம், வரி சரிதானா என்று பார்க்கும் சோதனைகளும் சேர்த்தோம், ஏற்றுக்கொண்டார்கள்.

பிறகு மருமகள் அந்த மென்பொருளின் மாற்றப் பதிவேட்டைக் காட்டினாள். பதினொரு ஆண்டு. ஒவ்வொரு வரிக்கும் யார், எப்போது, ஏன் என்று இருந்தது. தவறும் இருந்தது, திருத்தமும் இருந்தது. கிழித்த பக்கம் மட்டும் இல்லை. எத்தனை ஊர், எத்தனை பேர், எத்தனை மணி நேர உழைப்பு. நம் சங்கத் தீர்மானப் புத்தகம் அப்படியா இருக்கிறது? சரி, செயலாளர் குனிந்துகொண்டார், விட்டுவிடுவோம்.

போன மாதம், எங்கள் திருத்தத்தின் கீழே, எந்த நாடென்றே தெரியாத ஒரு மருத்துவமனைச் செவிலி எழுதியிருந்தார்: "காலாவதி என்று ஒதுக்கியதில் பதினேழு பெட்டி நல்லதென்று தெரிந்தது. இன்று ஒன்று பயன்பட்டது."

யாருக்கு? ஆணா, பெண்ணா, குழந்தையா? எனக்குத் தெரியாது. தெரியாத அந்த ஒருவரை நினைத்துக் கல்லாவில் உட்கார்ந்து கண் கலங்கினேன்.

இந்த அவையைக் கேட்கிறேன். உங்கள் கணினிக்குள் எத்தனை திருத்தம் பூட்டிக் கிடக்கிறது?

பின்வரிசையில் ஓர் அம்மா கை தூக்குகிறார். சொல்லுங்கம்மா. நீங்களே சேர்த்த வரியால், குளிர்பெட்டி சூடானால் கைபேசியில் மணி அடிக்குமா? எத்தனை வருடமாக வைத்திருக்கிறீர்கள்? நாலு வருடமா?

அம்மா, இந்த நாலு வருடத்தில் மணி அடிக்காத குளிர்பெட்டிகளில் எத்தனை தடுப்பூசி வீணாகியிருக்கும்? உங்களைக் குறை சொல்லவில்லை, நானும் பூட்டியவன்தான். மருமகள் இதோ மேடையோரம் இருக்கிறாள். வாருங்கள். வழிவிடுங்கள் ஐயா, அம்மாவுக்கு வழிவிடுங்கள்.

எனக்கு ஒதுக்கிய நேரத்தில் மிச்சமிருப்பது அவருக்கு. காது கொடுத்தவர்களுக்கு நன்றி. கை கொடுக்கப் போகிறவர்களுக்கு வணக்கம்.