கூட்டத்து அம்மா

எழில்மதி – நீ இன்னாத்துக்கு இங்க வந்த... எழுந்து வா மொதல்ல. இந்தத் தூணுக்கு இந்தாண்ட வா.

கொளஞ்சியம்மாள் – குந்தினுதான இருந்தேன். மண்டபத்துல காத்து ஜில்லுன்னு வருது. பெத்தவளப் பாத்து சாப்டியான்னு ஒரு வார்த்த இல்ல...

எழில்மதி – அம்மா, மெதுவா பேசு. கூட்டத்துக்கு ஆளு புடிக்கிறானே அந்தப் பிச்சைமுத்து, அவன் வேன்ல ஏறக் கூடாதுன்னு எத்தினி வாட்டி சொல்லிருக்கேன்.

கொளஞ்சியம்மாள் – நீ சொல்லுவ. மரவள்ளிக் காட்டுல களையெடுக்கற வேல இல்லாத நாளு, கட்சிக் கூட்டம்னா போறோம், கடை தெறப்புன்னா போறோம். தட்டுன்னா தட்டறோம். வெயில்ல குனியறதுக்கு இது மேலுடி. போன எலெக்சன்ல இவனுக்கும் நாந்தான் முன்னாடி குந்தினேன், அவனுக்கும் நாந்தான்.

எழில்மதி – இது கட்சிக் கூட்டம் இல்ல. மக்கள் தொடர்பு நாள் விழா. எங்கள மாதிரி விளம்பரம், செய்தி வேல செய்யறவங்களுக்கு விருது குடுக்கறாங்க.

கொளஞ்சியம்மாள் – ஒனக்கும்தான?

எழில்மதி – ...எனக்கும்தான்.

கொளஞ்சியம்மாள் – எங்கிட்ட மூச்சு வுடல நீ. ஆளு கேட்டு ஊருக்கு வந்தப்ப பிச்சைமுத்து போன்ல நோட்டீஸ் காட்டினான். ஒன் படம் இருந்துது. இன்னா எழுதிகீதுன்னு கேட்டேன். 'மக்கள் கருத்தைச் செதுக்கும் சிற்பிகள்'னு படிச்சான். எம்பொண்ணுன்னு அவன்கிட்ட சொல்லிக்கல.

எழில்மதி – ஏன் சொல்லல?

செழியன் – எழில், இங்கயா இருக்க? அடுத்து நம்ம வீடியோ போடுறாங்க. அது முடிஞ்சதும் உன் பேருதான்... யாரு இவங்க? எங்கயோ பாத்த முகமா இருக்கே.

எழில்மதி – தெரியல சார். கூட்டத்துக்கு வந்த அம்மா. பாத்ரூம் எங்கன்னு கேட்டாங்க.

செழியன் – இரு... மலை வீடியோல பேசுன அம்மா இல்ல? பிச்சைமுத்துவுக்குக் கொஞ்சமாவது அறிவு வேணாம்? அங்க காட்டுன ஆளையே இங்கயும் கொண்டாந்து எறக்கியிருக்கான். மொத வரிசை பூரா பத்திரிகைக்காரங்க. ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தக் குடுத்து வெளிய அனுப்பு, சீக்கிரம்.

எழில்மதி – சரி சார்.

கொளஞ்சியம்மாள் – ...கூட்டத்து அம்மா.

எழில்மதி – அம்மா...

கொளஞ்சியம்மாள் – இல்ல, சரியாத்தான் சொன்ன. பாத்ரூம் எங்ககீது?

எழில்மதி – வேற இன்னா சொல்லச் சொல்ற? அவரு எங்க முதலாளி. மலை மேல விடுதி கட்டலாமான்னு கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்துச்சே... மலைக்காரங்க எல்லாரும் கட்டுங்கன்னு சொன்னாங்கன்னு நாங்க எடுத்த வீடியோவுக்குத்தான் இந்த விருதே. அதுல அழுவற மலைக்காரப் பொம்பள கீழ நைனார்பாளையத்துக்காரின்னு தெரிஞ்சா என் வேல போயிடும்.

கொளஞ்சியம்மாள் – அது நாந்தான்னு ஒனக்கு எப்பத் தெரியும்?

எழில்மதி – இப்பதான். சார் சொல்லித்தான்.

கொளஞ்சியம்மாள் – பொய் சொன்னா காத சொறிவ. சின்னதுலேந்து அப்படித்தான் நீ.

எழில்மதி – நீ மட்டும் யோக்கியமா? மலைக்காரியாட்டம் போயி பேச ஒனக்கு எப்படி மனசு வந்துச்சு? அந்த அழுவ... அப்படி நடிக்க எங்க கத்துக்கின?

கொளஞ்சியம்மாள் – நடிக்கலடி. பேச வேண்டியத பிச்சைமுத்து போன்ல பாத்து சொல்லிக் குடுத்தான். 'எம்பொண்ண முதுவுல தூக்கினு ஆத்தத் தாண்டி பள்ளிக்கூடத்துல வுட்டேன். விடுதி வந்தா ரோடும் வரும், எம் பேத்தியாவது அதுல நடந்து போவட்டும்.'

எழில்மதி – அம்மா, அந்த வரி...

கொளஞ்சியம்மாள் – இரு, நான் சொல்றேன். மழக்காலத்துல ஒன்னத் தூக்கினு தாண்டினவ நானு. எம் பொழப்ப எவனோ வந்து எனக்கே பாடம் நடத்தறான். எழுதினது யாருன்னு தெரியாதா எனக்கு? அழுவாம இன்னா பண்ணுவேன்.

எழில்மதி – உருக்கமா எழுதுன்னாரு சார். எனக்கு வேற யாரு கத தெரியும், சொல்லு. எவளோ பேசுவான்னு நெனச்சேன். கம்ப்யூட்டரத் தொறந்தா ஒன் மூஞ்சி வந்து நிக்குது.

கொளஞ்சியம்மாள் – அப்ப தெரியும்.

எழில்மதி – தெரியும். வெட்டித் தூக்கியிருக்கலாம். நீ அழுதது அவ்ளோ நல்லா இருந்துச்சும்மா... மூஞ்ச இன்னும் கிட்ட இழுத்துப் பெருசா வச்சேன். நாந்தான் வச்சேன். போதுமா?

கொளஞ்சியம்மாள் – பெருசாவா... பாக்க நல்லாருந்தேனா?

எழில்மதி – இப்ப இதான் கேள்வியா ஒனக்கு?

கொளஞ்சியம்மாள் – கேட்டேன், வுடு. அன்னிக்குக் கூட்டம் முடிஞ்சு ஒருத்தி கிட்ட வந்தா. பேரு இருசாயி. மெய்யாலுமே மலைக்காரி. நீ எந்த ஊருன்னா. வெள்ளிமலைக்கு அந்தாண்டன்னேன். 'அந்தாண்ட எல்லாரயும் எனக்குத் தெரியுமே'ன்னா. அப்புறம் கேக்கல. சொம்புல தண்ணி மொண்டாந்து குடுத்தா.

எழில்மதி – திட்டலயா?

கொளஞ்சியம்மாள் – திட்டியிருந்தா வந்து தூங்கியிருப்பேனே. 'அழுது தொண்ட காஞ்சிருக்கும், குடி. இந்த ஊத்துதான் வேலிக்குள்ள போவப் போவுது'ன்னா. கடுக்கா பொறுக்கப் போற வழியும் போவுதாம். வாணாம்னு சொல்லத்தான் அந்த ஊரே வந்துருக்கு. உள்ள நாற்காலி பூரா நாங்க. அவங்க வெளிய நின்னுகினு இருந்துருக்காங்க.

எழில்மதி – அப்பவே இத எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?

கொளஞ்சியம்மாள் – சொன்னா வேலய வுட்டுட்டு வந்து நிப்ப. கோவக்காரி. அந்த பயம்தான்.

எழில்மதி – சரி, கெளம்பு. வேன் போவ நேரமாவும். ஆட்டோ புடிச்சுத் தரேன்.

கொளஞ்சியம்மாள் – நான் வேன்ல வரல மதி.

எழில்மதி – பின்ன?

கொளஞ்சியம்மாள் – விடிய மொத பஸ்ஸப் புடிச்சு மலைக்குப் போனேன். இருசாயியக் கூட்டினு எறங்கினேன். மூணாவது வரிசையில பாரு. எல்லாரும் தட்டினுகிறாங்க, ஒருத்தி மட்டும் கைய மடியில வச்சினு...

எழில்மதி – பச்சப் பொடவையா?

கொளஞ்சியம்மாள் – அவதான். வீடியோ போட்டுட்டாங்க பாரு. என் மூஞ்சியத்தான் பாத்துகினுகிறா.

எழில்மதி – எதுக்கும்மா இப்படிப் பண்ண... நான் இப்ப இன்னா பண்றது?

கொளஞ்சியம்மாள் – எனக்கு இன்னா தெரியும். நான் பொதுமக்கள். செதுக்கறவ நீதான்.

செழியன் – எழில், பேரக் கூப்பிடறாங்க, காது கேக்கல? இன்னும் இந்தம்மாவ அனுப்பலயா நீ? யாரும்மா நீங்க, சொன்னா போக மாட்டீங்களா?

எழில்மதி – எங்கம்மா சார். ஊரு நைனார்பாளையம். மெய்யான மலைக்காரம்மா அதோ, மூணாவது வரிசையில குந்தினுகிறாங்க. மைக்க மொதல்ல அவங்க கையில குடுக்கப் போறேன். விருது யாருக்குன்னு அப்புறம் பேசிக்கலாம்.