பாதி வீடு, பாதி ஆபீஸ்

மென்பொருள் சந்தாக்களை வகை பிரிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, ஐயா. தொழிலுக்குப் பயன்பட்டால் வரியில் கழிக்கலாம். வீட்டுக்கு என்றால் முடியாது. இரண்டுக்கும் என்றால், தொழிலுக்கு ஆன பங்கை மட்டும் கழிக்கலாம். அண்ணனின் டிராவல்ஸ் ஆபீஸில் பதினோரு வருடமாக இதைத்தான் செய்துவந்தேன்.

நீங்கள் கேட்கும் சந்தா அண்ணியுடையது. தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுக்க வேண்டியதாயிற்று. ஆபரேஷனுக்கு முன்பு மூன்று நாள் உட்கார்ந்து தன் குரலைப் பதிவுசெய்து ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்தார். அதன் பிறகு போனில் டைப் செய்தால் அது அவர் குரலிலேயே பேசும். பகலில் வாடிக்கையாளர்களிடம் பேசினார், மாலையில் மகளிடம். மகளுக்கு நாலு வயது. எழுத்துக் கூட்டத் தெரியாது.

பாதி வீடு, பாதி ஆபீஸ் என்று பிரித்திருக்கலாம். விதி இடம் கொடுக்கிறது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நினைத்து, முழுவதையும் வீட்டுச் செலவாக எழுதி, சந்தாவை நிறுத்தச் சொல்லிவிட்டேன். மாதக் கடைசியில் குரல் அடியோடு அழிந்துவிடும், திரும்பக் கிடைக்காது என்று மூன்று மெயில் வந்தன. ஆபீஸ் முகவரிக்கு வந்ததால் மூன்றையும் நான்தான் படித்தேன்.

ஒன்றாம் தேதி காலை அண்ணி போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அண்ணன் அந்த நிறுவனத்திடம் விசாரித்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாடா?"

"ரூல் அப்படிண்ணா."

அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அழுதார்.

அன்று மாலை வீட்டில் குழந்தை போனை எடுத்து அம்மாவிடம் நீட்டி, "பேசும்மா" என்றது. அண்ணி ஒரு தாளில் எழுதிக் காட்டினார். குழந்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. மனசு கேட்காமல் நான்தான் வாங்கிப் படித்தேன்: "அம்மாவுக்கு உம்மேல கோவம் இல்லடா கண்ணு." குழந்தை, "நீ சொல்லாத சித்தப்பா, அம்மா சொல்லட்டும்" என்றது.

பகை ஒன்றும் கிடையாது, ஐயா. போன வருடம் ஆடிட்டர் வந்திருந்தபோது அந்தப் போன் எல்லோர் முன்னாலும் பேசியது: "தம்பி, நீங்க வீட்ல படம் பாக்குற சந்தாவையும் ஆபீஸ் செலவுல எழுதியிருக்கீங்க. மாத்திடுங்க." நாலு பேர் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளும் ஆள் இல்லை நான். அந்தக் குரலை இனி ஒரு தடவைகூடக் கேட்கக் கூடாது என்று மட்டும்தான் நினைத்தேன்.