மூணாவது தலையணை

ஷூசென்: மூணு நாளு முன்னாடி மத்தியானம் திரும்பி வந்தப்ப உங்க நெத்தியில சிவப்பா ஒரு வட்டம் இருந்துச்சே… என்ன அது?

குவாங்லின்: கோயில் மரத்தடியில சதுரங்கம் ஆடினேன்ல… யோசனையில கைய ஊணிக்கிட்டிருந்தேன். கைக்கடிகாரம் அழுந்தியிருக்கும்.

ஷூசென்: பெரிய யோசனை! மத்தியானமானா கடைய என் தலையில கட்டிட்டுப் போறீங்களே, ஒரு ஆட்டமாவது ஜெயிச்சீங்களா?

குவாங்லின்: ரொட்டி கருகுது பாரு… ஷ்! பெற்றோர் சங்கத் தலைவி வர்றா.

ஷூசென்: வரட்டுமே. அவ வந்தா அடுப்பு அணைஞ்சிருமா?

ஃபாங்: என்ன ஷூசென், கூட்டமே இல்ல? காலையிலேருந்து சாப்பிடவே நேரமில்ல எனக்கு. ரெண்டு முட்டை ரொட்டி, ஒரு சோயா பால். சர்க்கரை கம்மியா.

ஷூசென்: உங்களுக்கு எதுக்குங்க சர்க்கரை? வாயிலயே வெச்சிருக்கீங்களே.

ஃபாங்: கோவமா இருக்கே… யூஹெங் விஷயம்தானே? உன் பையன் மேல எனக்கென்ன பகை? ஆம்பளைப் பசங்களைத்தான் புடிக்கும்னு அவனே வகுப்புல சொல்லிட்டான். சாப்பிட்டதும் எல்லாப் புள்ளையும் மேசையில தலை வெச்சுத் தூங்குற நேரம்… மத்த பசங்க அவன் பக்கத்துல எப்படித் தூங்கும்? அம்மாக்கள் கேட்டாங்க, நான் டீச்சர்கிட்ட சொன்னேன். அவ்வளவுதான்.

ஷூசென்: கவுந்து படுத்து அரை மணி நேரம் தூங்குறதுல என்னங்க ஆயிரும்? குறட்டை வழியா ஒட்டிக்குமா?

ஃபாங்: அப்படிச் சொல்லல… அதான் தனி அறை குடுத்திருக்கோமே. அமைதியா, வசதியா…

குவாங்லின்: வசதியா? பந்து மூட்டை, ஒடஞ்ச மின்விசிறி… ஜன்னல் தெறக்கவே மாட்டேங்குது!

ஃபாங்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

குவாங்லின்: …பையன் சொன்னான்.

ஷூசென்: சொன்னானா? எங்கிட்ட மூச்சு விடலையே. காரம் தடவவாங்க, தலைவியம்மா?

ஃபாங்: வேண்டாம். நான் ஒண்ணும் பழைய காலத்து ஆளு இல்ல. நம்ம தைவான்ல கல்யாணமே கட்டிக்கலாம்னு சட்டம் வந்தாச்சு. என் தம்பி மக ஒரு பொண்ணைக் கட்டிக்கிட்டா, விருந்துல முன்வரிசையில உக்காந்தது நாந்தான். ஆனா பள்ளிக்கூடம்னா…

ஷூசென்: விருந்துல இறாலும் நண்டும் வந்தா பக்கத்துல உக்காரலாம். தூங்குறப்பதான் தீட்டு.

ஃபாங்: என்ன பேச்சு இது! குடு, நான் கெளம்பறேன்.

ஷூசென்: போயிட்டு வாங்க. சர்க்கரை சுத்தமா போடல.

குவாங்லின்: ஏன்டி இப்படிக் கடிக்கிறே…

ஷூசென்: அவ போயிட்டா. இப்பச் சொல்லுங்க. பையன் சொன்னானா?

குவாங்லின்: மொதல்ல அந்தச் சட்டியக் கழுவிடறேன்…

ஷூசென்: சதுரங்கம்?

குவாங்லின்: சரி… மொத நாளு சும்மா எட்டிப் பாக்கத்தான் போனேன். அந்த அறையில செவுத்தைப் பாத்து, கண்ண முழிச்சுக்கிட்டே மேசையில கெடந்தான், ஷூசென். என்னால தாங்க முடியல. பக்கத்துல ஒரு மேசைய இழுத்துப் போட்டு நானும் தலைய சாச்சேன். அப்பறம்தான் தூங்கினான்.

ஷூசென்: எங்கிட்ட ஏன் மறைச்சீங்க?

குவாங்லின்: “அவங்க தள்ளுன மூலையில நீயும் போய்ப் படுத்துட்டு வந்தியா”ன்னு கிழிச்சிருப்பே.

ஷூசென்: கிழிச்சுத்தான் இருப்பேன். அந்த நெத்தி வட்டத்தைப் பாத்துட்டு, முந்தாநாள் அவன் பையில ரெண்டாவது தலையணை வெச்சது யாருன்னு நெனச்சீங்க?

குவாங்லின்: கூட்டாளிகிட்ட வாங்கினேன்னானே!

ஷூசென்: அப்பனுக்குத் தப்பாத புளுகு. இன்னைக்கு அந்தப் பையில மூணு இருக்கு.

குவாங்லின்: நீயுமா? அந்த அறையில எடம் ஏதுடி?

ஷூசென்: அந்த அறைக்கு யாரு போறா? வகுப்புலதான். அவனோட பழைய எடத்துல, தலைவி மகனுக்குப் பக்கத்துல.

குவாங்லின்: ஐயையோ… அத்தனை பேரு முன்னாடி அப்பா, அம்மாவோட படுக்கவா? கூசிப் போயிருவான்டி. அவனைக் கேக்காம…

ஷூசென்: மூணாவதைப் பையில திணிச்சதே அவன்தாங்க. “அப்பா குறட்டையில வகுப்பே முழிச்சுக்கட்டும்”னான். கடைய சாத்துங்க.