மேனுஜாவுக்கு வந்த மூன்று அழைப்புகள்

இருபது வருடமாகக் கருவாட்டு வியாபாரம் செய்கிறேன், காதியார் அவர்களே. என்மேல் வீசும் வாடை எனக்குத் தெரியாது. என் மனைவி மேனுஜா சொல்லித்தான் தெரியும். சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுப் படியில் நான் கால் வைக்கும் முன்பே அவள் குரல் வந்துவிடும்: "முதல்ல கிணத்தடிக்குப் போங்க. ரெண்டு தரம் சவுக்காரம் போட்டுக் குளிச்சிட்டு உள்ள வாங்க." கிணற்றடியில் நின்று நான் கேட்ட பேச்சுகளைச் சேர்த்தால் ஒரு கிதாபே எழுதலாம்.

அதற்காக நான் கை நீட்டியதும் உண்டு. அதைப் பெரிதாக்கி, விவாகரத்துக் கேட்டு உங்களிடம் மனுக் கொடுத்தாள். இரண்டாம் தவணை விசாரணைக்கு அவள் வராதது உங்களுக்கு நினைவிருக்கும். நான் தடுக்கவில்லை. அன்று காலை, உடுத்துக்கொண்டு வா என்று நானேதான் சொன்னேன். "என்னத்துக்கு? இப்பிடியே இரிப்பம்" என்றாள், சுவரைப் பார்த்தபடி.

அதற்கு ஒரு மாதம் முன்பே என்னைக் கிணற்றடிக்கு அனுப்புவதை விட்டிருந்தாள். வாடையோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் விலகவில்லை. அல்லாஹ் என் துஆவைக் கேட்டுவிட்டான் என்று அழுதேன். கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் அப்படியொரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

பிறகு தலைவலி கூடியது. கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கூட்டிப்போனது நான்தான் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்கேனைப் பார்த்த டொக்டர் கனகரெத்தினம் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"புற்றுநோய் இல்ல. மூக்குக்கு மேல, மண்டையோட்டு அடித்தட்டுல கட்டி வளர்ந்து மூளைட முன்பக்கத்த நெரிக்குது. அதுதான் வாடை ஒண்டும் தெரியாம, எதிலயும் பிடிப்பில்லாம இரிக்கிறா. கொழும்பில நெத்தியெலும்பத் திறந்து எடுத்திரலாம். சுணங்கினா கண் போயிரும்."

"எடுத்தா எல்லாம் திரும்பி வருமா, டொக்டர்?"

"வாடை தெரியிறது கஷ்டம். ஆனா ஆள் பழைய ஆளா வருவா."

நல்ல செய்தி சொன்னதாக நினைத்து அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒப்பரேஷனுக்குத் திகதி கொடுத்துக் கொழும்பிலிருந்து மூன்று தடவை அழைத்தார்கள். என் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். முதல் தடவை, காய்ச்சல் என்றேன். அடுத்த தடவை, இந்தியாவுக்குக் கொண்டுபோகிறோம் என்றேன். பிறகும் விடாமல் அழைத்த நேர்ஸ் பிள்ளை, "கண் பார்வை எப்பிடி?" என்று கேட்டாள். "நல்லாத் தெரியுது" என்றேன். அந்த நேரம் மேனுஜா சோற்றுக் கோப்பையைக் கையால் தடவித் தேடிக்கொண்டிருந்தாள். நான்தான் எடுத்துக் கையில் கொடுத்தேன். இதையெல்லாம் எந்தப் புருஷன் செய்வான்?

அவளுடைய தம்பி ஜுனைட் கத்தாரிலிருந்து போனில் கேட்டபோது, அந்தக் கட்டியில் கை வைக்க ஏலாதென்று டொக்டர் சொன்னதாகச் சொன்னேன். அவன் லீவில் வந்து, அலுமாரியில் ரிப்போட்டைத் தேடிப்பிடித்து, அவளைக் கொழும்புக்குக் கொண்டோடினான். இனிக் கட்டியை எடுத்தாலும் கண் வராது, ஆளும் பழைய ஆளாக வரமாட்டாள் என்று அங்கே சொல்லிவிட்டார்களாம். கேட்டு எனக்கும் கவலைதான்.

இப்போது ஜுனைட் அக்காவின் பழைய மனுவைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்திருக்கிறான். ஓம், மூன்று அழைப்பையும் மறைத்தவன் நான்தான். கண் போகும் என்று தெரிந்துதான் மறைத்தேன். ஆனால் மனு அவனுடையதல்ல, மேனுஜாவுடையது. அவளையே கூப்பிட்டுக் கேளுங்கள். இந்த ஒன்றரை வருடத்தில் என்மேல் அவள் ஒரு குறையும் சொன்னதில்லை.