வயிற்றுவலி என்று எழுதினார்கள்

ஓடுகிறேன். தறிக்கூடத்தைத் தாண்டிப் பின்பக்க அறைக்கு. தறிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது.

“ஏனுங்க, ஆராச்சும் ஓடியாங்க! கதவ ஒடைங்க!”

மூன்று இடி. நான்காவதில் தாழ்ப்பாள் தெறித்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஈரோட்டுப் பக்கம். ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால். உள்ளே கிடந்தவர் என் அண்ணன் பழனிசாமி. வயது நாற்பத்திரண்டு.

நான் கோவையில் ஓர் ஆஸ்பத்திரியின் மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். மனச்சோர்வுக்குப் புது மாத்திரைகள் வந்து இறங்கிய வருடங்கள் அவை. மாதத்துக்கு மாதம் மருந்துச் சீட்டுகள் பெருகின. அண்ணன் சாப்பாட்டை விட்டார். தூக்கத்தை விட்டார். பேச்சையும் விட்டார். நான்தான் டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் தெளிவாகச் சொன்னார். மாத்திரை வேலை செய்ய மூன்று வாரமாவது ஆகும். அதுவரை தனியாக விடாதீர்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு வாங்கிக் கொடுத்தேன். அடுத்த இரண்டு வாரத்துக்கு எடுத்துக்கொண்டுதான் அன்று போனேன். வாசலிலேயே அண்ணி சொன்னார்.

“நிறுத்திப்போட்டோம் அம்மணி. எட்டு நாளாச்சு. பைத்தியத்துக்குக் குடுக்கற மாத்திரைன்னு பங்காளி ஊட்டுல பேசறாங்க. வெளிய தெரிஞ்சா நம்ம புள்ளைய ஆரு கட்டுவாங்க?”

“அண்ணன் எங்கீங்க?”

“பின்னால ரூம்புல. காத்தாலருந்து தனியாத்தான் படுத்திருக்காரு.”

அப்போதுதான் ஓடினேன்.

போலீஸ் ஸ்டேஷனில் தற்கொலைக்குக் காரணம் கேட்டார்கள். தீராத வயிற்றுவலி என்றார் பங்காளி. அப்படியே எழுதினார்கள். எல்லோரும் தலையாட்டினோம். நானும் கையெழுத்துப் போட்டேன்.

மூன்று மாதம் கழித்து மருந்துக் கம்பெனி ரெப் கடைக்கு வந்தார். விற்பனைக் கோடு மேலேறும் படத்தை விரித்தார்.

“இனி தற்கொலை கொறஞ்சிருமுங்க மேடம்.”

எந்தக் கணக்கில் குறையும்? வயிற்றுவலிக் கணக்கிலா? விற்ற மாத்திரை அட்டைகளை எண்ணிவிட்டார்கள். அண்ணி குப்பையில் கொட்டியதை யார் கழித்தார்கள்? படத்தை மடித்துக் கொடுத்தேன்.

அடுத்த வருடம் அதே நோய் எனக்கும் வந்தது. மாத்திரையை ஒளித்துத் தின்னவில்லை. கடையில் எல்லோர் முன்னாலும் விழுங்கினேன். டாக்டர் சொல்லும்வரை நிறுத்தவில்லை. பிழைத்துக் கிடக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்.

போனது: அண்ணன் ஒருவர். விற்றுத் தீர்ந்த தறிகள் நான்கு. என்னோடு இன்றுவரை பேசாத அண்ணி ஒருவர். அப்பன் இல்லாமல் மணவறையில் உட்கார்ந்த மகள் ஒருத்தி.

அந்த வருடம் எங்கள் ஊர்ப் பதிவேட்டில் மனச்சோர்வால் செத்தவர்: ஒருவரும் இல்லை.